"எல்லாம் மனசுல இருக்கு" என்பது அலர்ஜிக்குப் பொருந்துமா?

அடிக்கடி தும்மல், காரணம் தெரியாத தடிப்பு, பனிக்காலம் வந்தால் வீசிங் என்று ஒருவர் அவதிப்பட்டால் முதலில் தூசியைக் குறை சொல்வார்கள். பிறகு கத்தரிக்காய், கருவாடு. தோல் பரிசோதனையிலும் ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் பிடிபடவில்லை என்றால் பேச்சு குணத்தின் பக்கம் திரும்பிவிடும். "எதுக்கெடுத்தாலும் டென்ஷன் ஆகுற ஆளு, அதான் உடம்பெல்லாம் தடிக்குது." இதற்கு அறிவியல் முலாம் பூசிய தலைப்புகளும் ஃபோனுக்கு ஃபோன் சுற்றுகின்றன: கூச்ச சுபாவக்காரர்களுக்கு அலர்ஜி அதிகமாம், கவலைப்படுகிறவர்களுக்கு ஆஸ்துமா வருமாம்.

இந்தத் தலைப்புகளுக்குப் பின்னால் நிஜமான ஆய்வுகள் இருக்கின்றன. தொடர்பும் இருக்கிறது. ஆனால் "தொடர்பு இருக்கிறது" என்பதிலிருந்து "குணம்தான் அலர்ஜியை உண்டாக்குகிறது" என்பதற்குத் தாவிவிட முடியாது. அலர்ஜி என்று ஒரே சொல்லில் நாம் அடக்கிவிடுவதைப் பிரித்து வைத்து, எந்த இடத்தில் குணம் உள்ளே நுழைகிறது என்று பார்த்தால்தான் விஷயம் தெளியும்.

## அலர்ஜிக்குள் ஐந்து படிகள்

வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே 1906-ல் உருவாக்கிய சொல் 'அலர்ஜி'. அப்போது அதன் உள் இயக்கம் யாருக்கும் தெரியாது. 1960-களின் பிற்பகுதியில்தான் அமெரிக்காவின் டென்வரில் இஷிசாகா தம்பதியரும், ஸ்வீடனில் யோஹான்சன், பென்னிக் இருவரும் தனித்தனியே ஒரு புது எதிர்ப்புப் புரதத்தைக் கண்டார்கள். 1968-ல் உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டத்தில் அதற்கு 'ஐஜிஇ' என்று பெயர் முடிவானது. இன்று ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பார்க்கும் ஐஜிஇ அதுதான்.

ஒருவர் "எனக்கு அலர்ஜி" என்று சொல்வதற்குள் இவ்வளவும் நடந்திருக்கும்:

1. பதிவு. தூசிப்பூச்சி, மகரந்தம், இறால் போன்ற ஏதோ ஒன்றின் புரதத்தை உடல் எதிரியாகக் குறித்துக்கொண்டு, அதற்கென்றே ஐஜிஇ தயாரிக்கிறது. இந்த ஐஜிஇ தோல், மூக்கு, மூச்சுக்குழாய் ஆகியவற்றில் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற தற்காப்பு செல்களின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது.
2. எதிர்வினை. அதே பொருள் மறுபடி வரும்போது மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களைக் கொட்டுகின்றன. வீக்கம், சளி, அரிப்பு, மூச்சுக்குழாய்ச் சுருக்கம் எல்லாம் இதன் விளைவு.
3. உணர்தல். ஒரே அளவு வீக்கத்தை ஒருவர் கவனிக்காமலே இருப்பார், இன்னொருவர் தாங்க முடியாமல் தவிப்பார்.
4. பெயர் சூட்டல். மருத்துவரோ நோயாளியோ அதற்கு 'ஆஸ்துமா' என்றோ 'அலர்ஜி' என்றோ பெயர் வைப்பது.
5. பராமரிப்பு. இன்ஹேலரை ஒழுங்காக இழுப்பது, தூண்டும் பொருளைத் தவிர்ப்பது, மருத்துவரிடம் திரும்பப் போவது.

முதல் படிக்கும் மூன்றாம் படிக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்பதற்கு நம் பக்கத்து மாநிலத்திலேயே சான்று உண்டு. உணவு அலர்ஜி குறித்து கர்நாடகத்தில் பெரியவர்களிடம் நடத்தப்பட்ட 'யூரோபிரிவால்' ஆய்வின் முடிவு 2016-ல் வந்தது. ஏதாவது ஓர் உணவுக்கு எதிரான ஐஜிஇ 26.5 சதவீதம் பேரின் ரத்தத்தில் இருந்தது. அறிகுறியும் சேர்ந்து, உணவு அலர்ஜி இருக்கலாம் என்று சொல்லத்தக்கவர்கள் 1.2 சதவீதம். மற்றவர்களின் உடல் பதிவு செய்து வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறது. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் பத்து உணவுகளை ஒதுக்குகிறவர்கள் இந்த எண்களைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

## குணத்தை எப்படி அளக்கிறார்கள்

உளவியலில் இன்று பெரும்பாலும் ஐந்து பண்புகளை வைத்து ஆளுமையை அளக்கிறார்கள்: கலகலப்பு, இணக்கம், பொறுப்புணர்வு, புதுமை நாட்டம், நியூரோட்டிசிசம். கடைசியில் உள்ளதை இங்கே 'கலக்கத்தன்மை' என்று அழைக்கிறேன். சின்ன விஷயத்துக்கும் மனம் சட்டென்று கலங்குவது, கவலை எளிதில் தொற்றிக்கொள்வது, கலங்கிய மனம் அடங்க நேரம் எடுப்பது. இது நோய் இல்லை. உயரம், எடைபோல எல்லோரிடமும் கூடக்குறைய இருக்கும் ஓர் அளவு.

அளக்கும் கருவி கேள்வித்தாள். "நான் எளிதில் பதற்றமடைகிறேன்" போன்ற வாக்கியங்களுக்கு, ஒத்துக்கொள்கிறேன் என்றோ இல்லை என்றோ நோயாளியே குறிக்கிறார். இதை மறந்துவிடக் கூடாது, பின்னால் தேவைப்படும்.

## நூறு ஆண்டுப் பழி

குணத்தையும் அலர்ஜியையும் முடிச்சுப் போடுவது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. மகரந்தத்தால் வரும் மூக்கொழுகலை ('ஹே ஃபீவர்') பத்தொன்பதாம் நூற்றாண்டில் படித்த, வசதியான வர்க்கத்தின் நரம்புத் தளர்ச்சி என்றே பலர் நம்பினார்கள். நியூயார்க் நரம்பியல் மருத்துவர் ஜார்ஜ் பியர்ட் 1876-ல் அப்படித்தான் எழுதினார். இத்தனைக்கும் மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் பிளாக்லி, தன் மூக்கிலேயே மகரந்தத்தை வைத்துச் சோதித்து, காரணம் மகரந்தம்தான் என்று 1873-லேயே நூலாக வெளியிட்டிருந்தார். அமெரிக்காவில் இந்தத் தும்மல்காரர்கள் சங்கமே வைத்துக்கொண்டு கோடைதோறும் நியூ ஹாம்ப்ஷயர் மலைகளுக்குப் போனார்கள். அன்றைக்கு இந்த நோய் ஓர் அந்தஸ்து, மென்மையான நரம்பு உள்ளவர் என்பதற்கு அத்தாட்சி.

ஆஸ்துமாவுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. 1892-ல் வெளிவந்த வில்லியம் ஆஸ்லரின் புகழ்பெற்ற மருத்துவப் பாடநூல், ஆஸ்துமாவில் நரம்புக் கோளாறின் பங்கு பெரிது என்றது. பிறகு வந்த உளப்பகுப்பாய்வுக்காரர்கள் ஒரு படி மேலே போனார்கள். சிகாகோவில் ஃபிரான்ஸ் அலெக்சாண்டரின் குழு, உள்மனப் போராட்டத்தால் வருபவை என்று ஏழு நோய்களைப் பட்டியலிட்டது. ஆஸ்துமாவும் நாள்பட்ட தோல் அரிப்பும் அதில் இருந்தன. இழுப்பின்போது வரும் சத்தம், தாய்க்காக அடக்கி வைத்த அழுகை என்று விளக்கம் சொன்னார்கள். தாய் பாசம் காட்டாதவள் அல்லது அளவுக்கு மீறிக் காட்டுகிறவள். எப்படிப் பார்த்தாலும் குற்றவாளி அவள்தான்.

இந்த எண்ணம் நடைமுறைக்கும் வந்தது. கடுமையான ஆஸ்துமா உள்ள குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து மாதக்கணக்கில், சிலசமயம் ஆண்டுக்கணக்கில் பிரித்து, டென்வரில் விடுதிகளில் தங்கவைத்தார்கள். பல குழந்தைகளுக்கு இழுப்பு குறைந்தது. "பார்த்தீர்களா, பெற்றோர்தான் காரணம்" என்றார்கள். டென்வர் கடல் மட்டத்துக்கு 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் வறண்ட ஊர். ஈரப்பதம் இல்லாத இடத்தில் தூசிப்பூச்சி பிழைக்காது. வீட்டுத் தூசியில் அலர்ஜி உண்டாக்குவது அந்தப் பூச்சி என்று நெதர்லாந்தின் லெய்டன் நகரில் ஃபோர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா இருவரும் காட்டியது 1964-ல்தான். குழந்தை தாயை விட்டு வந்ததா, தூசிப்பூச்சியை விட்டு வந்ததா என்று அதுவரை பிரித்துப் பார்க்கவே வழியில்லை.

பிரித்துப் பார்க்க ஒரு வழியை 1969-ல் டென்வர் ஆய்வாளர் பர்செல் குழுவினர் கண்டுபிடித்தார்கள். குழந்தையை வீட்டிலேயே விட்டுவிட்டு, குடும்பத்தை இரண்டு வாரம் வெளியே தங்கச் சொன்னார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறோர் ஆள். வீடு அதேதான், தூசி அதேதான், படுக்கை அதேதான். உணர்ச்சிவசப்படும்போது இழுப்பு வருகிறது என்று முன்கூட்டியே கணித்திருந்த குழந்தைகளுக்கு ஆஸ்துமா குறைந்தது. மற்றவர்களிடம் அப்படிப் பொதுவான மாற்றம் இல்லை. ஆக, வீட்டுச் சூழலின் உணர்ச்சி சில குழந்தைகளுக்கு இழுப்பைக் கிளப்புகிறது. எல்லோருக்கும் இல்லை. இழுப்பைக் கிளப்புவது வேறு, ஆஸ்துமாவை உண்டாக்குவது வேறு.

அலெக்சாண்டரின் ஏழில் வயிற்றுப் புண்ணும் ஒன்று. அதில் பெரும்பங்கு ஹெலிகோபேக்டர் என்ற கிருமியின் வேலை என்று காட்டிய மார்ஷலும் வாரனும் 2005-ல் நோபல் பரிசு பெற்றார்கள். "டென்ஷன் அல்சர்" என்ற பேச்சு நம் ஊரில் இன்னும் ஓயவில்லை என்பது வேறு கதை.

## செயற்கை ரோஜாவும் உப்பு நீரும்

பழியைத் தள்ளுபடி செய்யும் வேகத்தில் மனதுக்குப் பங்கே இல்லை என்று முடிவு கட்டினால் அதுவும் தப்பு. பால்டிமோர் மருத்துவர் ஜான் நோலண்ட் மெக்கன்சி 1886-ல் எழுதிய ஒரு குறிப்பு இதற்கு நல்ல உதாரணம். ரோஜாவைக் கண்டாலே தும்மும் ஒரு பெண் அவரிடம் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்தார். அச்சு அசலாக ரோஜாபோலவே இருக்கும் ஒரு செயற்கைப் பூவை வாங்கிய மெக்கன்சி, ஒட்டியிருக்கும் துகள்கூட மிஞ்சாதபடி இதழ் இதழாகத் துடைத்து, மறைத்து வைத்தார். அந்தப் பெண் வந்து உட்கார்ந்து பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது பூவைக் கையில் எடுத்தார். சற்று நேரத்தில் மூக்கு அரித்தது, தும்மல் தொடங்கியது, மூக்கடைத்தது. மூக்குக்குள் பார்த்தால் சவ்வு சிவந்து வீங்கியிருந்தது. நடிப்பு இல்லை, நிஜமான வீக்கம். அது செயற்கைப் பூ என்று சொன்னபோது அவரால் நம்பவே முடியவில்லை.

ஒரே ஒரு நோயாளி என்பதால் இதை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்லிவிட முடியாது. 1968-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் லூப்பரெல்லோ குழுவினர் செய்தது முறையான சோதனை. ஆஸ்துமா உள்ள 40 பேருக்கு வெறும் உப்பு நீரை நெபுலைசர் வழியே கொடுத்து, "உங்களுக்கு ஒத்துக்கொள்ளாத பொருள் இதில் இருக்கிறது" என்றார்கள். 19 பேருக்கு மூச்சுக்குழாய் கருவியில் தெரியும் அளவுக்குச் சுருங்கியது. அவர்களில் 12 பேருக்கு முழு இழுப்பே வந்துவிட்டது. "இதோ மருந்து" என்று அதே உப்பு நீரைக் கொடுத்ததும் சரியானது.

அடுத்த ஆண்டு வந்த தொடர் ஆய்வுதான் என் பார்வையில் மொத்தக் கதையின் சாவி. இந்தப் பேச்சாலான சுருக்கம், அட்ரோபின் கொடுத்தபின் வரவில்லை. அட்ரோபின் தடுப்பது, மூளையிலிருந்து நுரையீரலுக்குப் போகும் வேகஸ் நரம்பின் கட்டளையை. அதாவது சொல் கேட்டுச் சுருங்கிய மூச்சுக்குழாய், ஐஜிஇ வழியாகச் சுருங்கவில்லை. நரம்பு வழியாகச் சுருங்கியது. ஏற்கெனவே ஆஸ்துமாவால் கூர்மையாகிவிட்ட குழாய் என்பதால் நரம்பின் ஒரு சின்னத் தட்டலே போதுமாக இருந்தது. ஆஸ்துமா இல்லாதவரிடமும் இதே உப்பு நீரை வைத்து இதே பொய்யைச் சொன்னார்கள். அவர்களுக்கு இப்படி எதுவும் ஆகவில்லை.

## தலைப்புச் செய்தியாகும் ஆய்வுகள்

கூச்சமும் அலர்ஜியும் என்ற பேச்சுக்கு ஒரு முக்கிய மூலம் ஹார்வர்டின் ஜெரோம் கேகன். புது ஆள், புது இடம் என்றால் ஒடுங்கிக்கொள்ளும் குழந்தைகளை அவர் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். அப்படிப்பட்ட குழந்தைகளின் நெருங்கிய உறவினர்களிடம் ஹே ஃபீவரும் எக்ஸிமா என்ற அரிப்புத் தோல்நோயும் அதிகம் காணப்பட்டதாக 1991-ல் அவர் குழு எழுதியது. உறவினர்கள் தாங்களே சொன்ன பதில்களை வைத்துத்தான்.

ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பகுதியில், ஆய்வு தொடங்கியபோது 40 முதல் 65 வயதுவரை இருந்த 5,000-க்கும் மேற்பட்டவர்களைச் சுமார் எட்டு ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2009-ல் வெளிவந்தது. கலக்கத்தன்மை அதிகம் உள்ளவர்களுக்கு, குறைவாக உள்ளவர்களைவிட ஆஸ்துமா ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக வந்திருந்தது. வாழ்க்கைத் துணையைப் பிரிந்தவர்களுக்கும் அதிகம். நோய் வருவதற்கு முன்பே குணத்தை அளந்திருந்தார்கள் என்பது இதன் பலம்.

ஆக்ஸ்பர்க் நகரில் 1,782 பேரிடம் நடந்த ஆய்வு (2019) இன்னொரு கோணம் காட்டியது. பருவகால மகரந்த அலர்ஜி உள்ளவர்களிடம் பதற்றம் அதிகம். ஆண்டு முழுக்க இருக்கும் தூசி வகை அலர்ஜி உள்ளவர்களிடம் மனச்சோர்வு அதிகம். உணவு, மருந்து அலர்ஜிகளில் எந்தத் தொடர்பும் இல்லை. எல்லா அலர்ஜிக்கும் ஒரே குணம் காரணம் என்றால் இப்படிக் கலைந்து வராது.

இந்த வகை ஆய்வுகளை வாசிக்கும்போது மூன்று கண்ணிகளைக் கவனிக்க வேண்டும்.

1. சொல்வதும் இருப்பதும். வாட்சன், பென்னபேக்கர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1989-ல் காட்டியது: கலக்கத்தன்மை உள்ளவர்கள் உடல் உபாதைகளை அதிகம் சொல்கிறார்கள்; ஆனால் பரிசோதனையில் தெரியும் நோயின் அளவு அதற்கேற்பக் கூடியிருப்பதில்லை. குணமும் கேள்வித்தாளில், அலர்ஜியும் கேள்வித்தாளில் என்றால் இரண்டும் சேர்ந்து வருவதில் வியப்பென்ன? அவர்கள் பொய் சொல்வதாக அர்த்தமில்லை. மேலே சொன்ன மூன்றாம் படியும் நான்காம் படியும் அவர்களிடம் வேறுமாதிரி இயங்குகின்றன, அவ்வளவுதான்.
2. யாரிடம் ஆய்வு. மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணினால், கவலைப்பட்டு மருத்துவரிடம் ஓடுகிறவர்கள்தான் கணக்கில் அதிகம் சேருவார்கள். தும்மிக்கொண்டே வேலைக்குப் போகிறவர் கணக்கிலேயே வரமாட்டார்.
3. திசை. எது முன்னால், எது பின்னால் என்பது. இதற்குத் தனியாக இடம் வேண்டும்.

## மரபணுவிடம் கேட்டபோது

திசையைப் பிரிக்க 'மெண்டலிய வழிச் சோதனை' என்ற உத்தி இருக்கிறது. எந்த மரபணு யாருக்குக் கிடைக்கும் என்பது கருவிலேயே, சீட்டுக் குலுக்கல்போல, எதேச்சையாக முடிவாகிவிடுகிறது. பின்னால் வரும் கவலையோ வேலை அழுத்தமோ அதை மாற்ற முடியாது. ஆகவே அலர்ஜிக்கு இட்டுச்செல்லும் மரபணுக்களை அதிகம் பெற்றவர்களுக்கு மனப் பிரச்சினையும் அதிகம் இருந்தால், முதலாவது இரண்டாவதை உண்டாக்குகிறது என்று கருதலாம். மறுதிசையிலும் இதேபோலச் சோதிக்கலாம்.

பிரிட்டனின் 'பயோபேங்க்' என்ற மரபணு, உடல்நலத் தகவல் தொகுப்பின் தரவுகளைக் கொண்டு பிரிஸ்டல் ஆய்வாளர்கள் இதைச் செய்து 2021-ல் வெளியிட்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தபோது ஆஸ்துமா, எக்ஸிமா, ஹே ஃபீவர் ஆகியவற்றுக்கும் மனநலத்துக்கும் வழக்கமான தொடர்புகள் தெரிந்தன. மரபணு வழியில் பார்த்தபோது, ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்பதற்குச் சான்று மிகக் குறைவு. அதேசமயம் ஆஸ்துமாவுக்கும் மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றுக்கும் சில மரபணுக்கள் பொதுவாக இருக்கின்றன என்று வேறு ஆய்வுகள் சொல்கின்றன. இரண்டையும் சேர்த்துப் படித்தால், ஒரே வேரிலிருந்து இரு கிளைகள் சிலரிடம் சேர்ந்து முளைக்கின்றன என்று கொள்வதே பொருத்தம். கேகனின் கூச்சக் குழந்தைகளின் உறவினர்களுக்கும் இந்த விளக்கம் நன்றாகவே பொருந்துகிறது.

ஆகவே முதல் படியான பதிவில் குணத்துக்கு வேலை இருப்பதாகச் சொல்ல வலுவான ஆதாரம் இல்லை. "கோபத்தைக் குறைத்தால் இறால் அலர்ஜி போய்விடும்" என்று யாராவது சொன்னால் நம்பி இறால் சாப்பிட்டுவிடாதீர்கள்.

## இரண்டாம் படி: பதற்றமும் தடிப்பும்

எதிர்வினையின் அளவில் கதை மாறுகிறது. ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் குழு 2009-ல் ஹே ஃபீவர் உள்ள 28 பேரை வைத்து ஒரு சோதனை செய்தது. ஒருநாள் அவர்களைச் சும்மா உட்காரவைத்து வாசிக்கச் சொன்னார்கள். இன்னொரு நாள் முன்பின் தெரியாத நடுவர்கள் முன் பேசவைத்து, மனக்கணக்குப் போடவைத்தார்கள். இரண்டு நாளும் தோலில் மகரந்தச் சாற்றைக் குத்தித் தடிப்பை அளந்தார்கள். பதற்றம் அதிகமான ஆட்களுக்கு, மேடையேறிய நாளில் தடிப்பு கிட்டத்தட்ட இரு மடங்கு. மறுநாளும் அவர்களுக்குத் தோல் எளிதில் தடித்தது. பதற்றம் இல்லாதவர்களிடம் பெரிய மாற்றமில்லை. அதே பொருள், அதே அளவு.

மாஸ்ட் செல்கள் நரம்பு நுனிகளுக்கு மிக அருகில் இருக்கின்றன. மன அழுத்தத்தின்போது நரம்பு நுனிகள் விடும் சப்ஸ்டன்ஸ் பி போன்ற பொருள்கள் மாஸ்ட் செல்லைத் தூண்டிவிடும். பதற்றத்தில் மூச்சு வேகமாகும்போது குளிர்ந்த, உலர்ந்த காற்று அதிகம் உள்ளே போய் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். இது ஆஸ்துமாக்காரர்களுக்கு நேரடியாகவே இழுப்பைக் கிளப்பும் வழி. அழுதாலும் விழுந்து விழுந்து சிரித்தாலும் சில குழந்தைகளுக்கு வீசிங் வருவது இதனால்தான்.

## அலர்ஜி குணத்தை மாற்றுவது

எதிர்த் திசையைப் பற்றி நம் வீடுகளில் பேச்சே எழுவதில்லை. மூக்கடைத்து வாயால் மூச்சுவிடும் குழந்தைக்கு இரவில் ஆழ்ந்த தூக்கம் இல்லை. காலையில் எரிந்து விழுகிறது, வகுப்பில் கவனம் சிதறுகிறது. எக்ஸிமா உள்ளவர் இரவெல்லாம் சொறிந்து, விடிந்தபின் கண்ணயர்கிறார். ஆறு மாதம் இப்படி ஓடினால் எந்தப் பொறுமைசாலியும் சிடுசிடுப்பார். போதாததற்கு அவில், சிபிஎம் (குளோர்பெனிரமின்) போன்ற பழைய ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரைகள் பகலிலும் தூக்கக் கலக்கம் தருகின்றன. பார்ப்பவர்கள் இதை 'சோம்பேறி' என்ற குணமாக எழுதிவைத்துவிடுகிறார்கள்.

திசையைக் காட்டும் நேரடிச் சான்றும் உண்டு. எக்ஸிமாவுக்கான டுபிலுமாப் ஊசி, அலர்ஜி வீக்கத்தை நடத்தும் இரு சமிக்ஞைகளைத் தடுப்பது. மனநல மருந்தே அல்ல. 2016-ல் வந்த பெரிய சோதனைகளில் தோல் ஆறியவர்களுக்குப் பதற்றம், மனச்சோர்வு மதிப்பெண்களும் இறங்கின. மனதைத் தொடாமல் தோலைத் தொட்டபோதும் மனம் இளகியது.

## குணம் உண்மையில் விளையாடும் இடம்

ஐந்தாவது படி அதிகம் கவனம் பெறாதது. உயிரோடு நேரடியாகத் தொடர்புள்ளது என்பதால் என் கணக்கில் அதுவே முக்கியம்.

1970-களில் டென்வரில் கின்ஸ்மன், டிர்க்ஸ் குழுவினர் ஆஸ்துமா நோயாளிகளின் 'திகில்-பயம்' என்ற பண்பை அளந்து, சிகிச்சை முடிந்து வீடு போனபின் என்ன ஆனது என்று பார்த்தார்கள். பயம் மிக அதிகம் உள்ளவர்கள் மறுபடி மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தார்கள். இது எதிர்பார்த்ததுதான். ஆனால் பயம் மிகக் குறைவாக உள்ளவர்களும் அப்படியே திரும்பி வந்தார்கள். நடுவில் இருந்தவர்கள்தான் நன்றாக இருந்தார்கள். அதிகம் பயப்படுகிறவர் மூச்சு கொஞ்சம் இறுகியதும் பதறிப்போய் நிதானம் இழக்கிறார். பயமே இல்லாதவர் "அதுவா சரியாயிடும்" என்று விட்டுவிட்டு, நிலை முற்றியபின் வருகிறார்.

அதே குழு இன்னொன்றும் கண்டது. நுரையீரல் அளவீடு ஒன்றாகவே இருந்தாலும், அதிகம் பதறும் நோயாளிகளுக்கு மருத்துவர்கள் கூடுதல் ஸ்டீராய்டு எழுதினார்கள். குணம் நோயாளியின் உடலை மாற்றுவதற்குமுன் மருத்துவரின் பேனாவை மாற்றிவிடுகிறது.

அலட்டிக்கொள்ளாதவரின் ஆபத்தை ஜப்பானின் சென்டாய் நகர ஆய்வு 1994-ல் வேறு வழியில் காட்டியது. ஆஸ்துமாவில் செத்துப் பிழைத்தவர்களைச் சோதித்தபோது, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதை அவர்கள் உடல் உணரும் திறனே மங்கியிருந்தது. மூச்சுத்திணறலையும் குறைவாகவே உணர்ந்தார்கள். வீட்டில் "தைரியசாலி, வாய் திறந்து ஒண்ணும் சொல்லமாட்டான்" என்று பெயர் வாங்கிய நோயாளிக்கு, உணர்வை நம்பாமல் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற, மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் சின்னக் கருவியில் ஊதி எண்ணைப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

மருந்து ஒழுங்கிலும் குணம் தெரிகிறது. ஸ்வீடன் ஆய்வுகளில், பொறுப்புணர்வு அதிகம் உள்ளவர்கள் ஆஸ்துமா மருந்தைச் சீராக எடுத்தார்கள். நினைத்ததை உடனே செய்யும் அவசரக்காரர்களும் கலக்கத்தன்மை உள்ளவர்களும் விட்டுவிட்டு எடுத்தார்கள். தினசரி இன்ஹேலர் இழுத்தவுடன் பலன் காட்டாது. நன்றாக இருக்கும் நாளிலும் இழுக்க வேண்டும். அதற்கு வேண்டியது மருத்துவ அறிவைவிடப் பல் துலக்குவது போன்ற ஒரு வழக்கம்.

## நடைமுறையில் என்ன மாறுகிறது

மூச்சுத்திணறலோ உடல் முழுக்கத் தடிப்போ வந்தவரிடம் "டென்ஷன் ஆகாதே, சரியாயிடும்" என்பது சிகிச்சை இல்லை. நாக்கு, உதடு வீங்கி, மயக்கம் வந்து, மூச்சு திணறினால் அது உயிருக்கு ஆபத்தான அலர்ஜி. அதற்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி. உடல் பக்கத்தை முதலில் பார்த்து முடித்தபின்தான் மனதின் பங்கைப் பேச வேண்டும்.

மனதின் பங்கு இருந்தால் அதற்கும் வைத்தியம் உண்டு, மருந்துக்குப் பதிலாக அல்ல, மருந்தோடு சேர்த்து. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் எக்ஸிமா உள்ள 102 பேரிடம் நடந்த சோதனையில் (2021), இணையவழியில் 12 வாரம் அறிவாற்றல்-நடத்தைப் பயிற்சி (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் உளவியல் சிகிச்சை) பெற்றவர்களுக்கு, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட அரிப்பும் தூக்கக் கெடுதியும் குறைந்தன. அரிப்பு, சொறிதல், மேலும் அரிப்பு என்ற சுழலில் சொறிதல்தான் நம் கைக்கு எட்டும் கண்ணி. பயிற்சி பிடிப்பது அதை.

ஆய்வுச் செய்தி ஒன்றைப் படித்தால் கேட்க வேண்டியது இவ்வளவே: அலர்ஜியைத் தோல் பரிசோதனையில் உறுதி செய்தார்களா, ஆட்கள் தாங்களே சொன்னதா? குணத்தை நோய்க்கு முன் அளந்தார்களா, பின்னாலா? ஐந்து படிகளில் எதைப் பற்றிப் பேசுகிறது?

கடைசியாக மருந்துப் பெட்டி. நம் ஊரில் மூக்கடைப்புக்கும் வீசிங்குக்கும் சர்வசாதாரணமாக எழுதப்படும் மாத்திரை, மான்டெலுகாஸ்டும் லெவோசெட்ரிசினும் கலந்தது. மான்டெலுகாஸ்ட் எடுக்கும் சிலருக்குக் கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, அரிதாகத் தற்கொலை எண்ணம்கூட வரலாம் என்பதால், 2020 மார்ச்சில் அமெரிக்க மருந்து நிர்வாகம் அதற்குத் தன் உச்சகட்ட எச்சரிக்கையான கறுப்புக் கட்டக் குறிப்பைக் கட்டாயமாக்கியது. வாய்வழி ஸ்டீராய்டும் மனநிலையை ஏற்றி இறக்கும். "சளி மாத்திரை போட ஆரம்பிச்சதிலேருந்து புள்ள குணமே மாறிப்போச்சு" என்று ஒரு தாய் சொன்னால் அது மூடநம்பிக்கையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. மாத்திரையைத் தொடர்வதா, மாற்றுவதா என்பது மருத்துவர் முடிவு. அதை என்று தொடங்கினோம், எரிச்சலும் கெட்ட கனவும் என்று தொடங்கின என்ற இரண்டு தேதிகளையும் குறித்துக்கொண்டு போய் அவரிடம் சொல்வது வீட்டாரின் வேலை.